ஊசியும் நூலும் உணர்த்தும் தோழமை

பொருளைக் கொடுத்தால் கொடுத்தவனிடம் அது குறையும். ஒரு மரக்கால் நெல்லில் பாதியை அளந்து கொடுத்தவனிடம் மற்றப் பாதியே எஞ்சும். இது கணக்கு, இதில் ஐயமில்லை. ஆனால் ஒருத்தி தன் கைத்திறனைத் தோழிக்குக் கற்றுக் கொடுக்கும்போது அவளிடம் இருந்தது குறைகிறதா? குறையவில்லை என்று அறிவு உடனே விடை கூறும். நெஞ்சம் அவ்வளவு எளிதில் இசைவதில்லை. பாடுபட்டுக் கண்ட நுட்பம் இனி இவளுக்கும் உரியதாயிற்றே, நாளை இவள் தன்னையே விஞ்சிவிடுவாளோ என்னும் சிறு முள் அங்கே உறுத்தும். அறிவுக்கும் நெஞ்சுக்கும் இடையே நிகழும் இப்பிணக்கு ஆராய்தற்குரியது. திறமையைப் பகிர்ந்துகொள்ளும் இருவர் உண்மையில் எதைக் கொடுக்கிறார்கள், எதைப் பெறுகிறார்கள், எதை இழக்க அஞ்சுகிறார்கள்?

பெருங்கலைகளை வைத்து இதை ஆராயப் புகுந்தால் புகழ், பரிசு, பிழைப்பு என வேறு பலவும் உடன் வந்து கலந்து கேள்வியே கலங்கிவிடும். ஆகவே, புகழும் பொருளும் அதிகம் குறுக்கிடாத சிறு கலையொன்றை எடுத்துக்கொள்வது நலம். வீட்டுவேலை முடிந்த ஓய்வுப் பொழுதில் பெண்கள் கூடி அமர்ந்து செய்யும் கைத்தையல் அத்தகையது. ஓர் ஊசி, சில இழை நூல், ஒரு முழத் துணி, வேண்டுவன இவ்வளவே. கை தைத்துக்கொண்டிருக்கும், வாய் பேசிக்கொண்டிருக்கும், கண் அடுத்தவள் மடியிலுள்ள துணியையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளும். அந்தப் பார்வையில் தொடங்குகிறது தோழமை. பொறாமை பிறப்பதும் அதே பார்வையில்தான்.

மலைநாட்டு உருமால்

இன்றைய இமாசலப் பிரதேசத்தில், இராவி நதிக்கரையில், சம்பா என்றோர் ஊர் உண்டு. இது நெல்லின் பெயரன்று; பழைய மலைநாட்டு அரசொன்றின் தலைநகர். பத்தாம் நூற்றாண்டில் நிறுவப்பட்ட லட்சுமி நாராயணர் ஆலயம் அவ்வூரின் அணிகலனாகத் திகழ்கிறது. இவ்வூரின் மற்றொரு பெருமை 'சம்பா ருமால்' எனப்படும் பூத்தையல் துணி. தமிழகத்தில் உருமால் என வழங்குவதும் இச்சொல்லே. ஆயினும் சம்பாவின் உருமால் தலையில் கட்டுவதற்கோ தோளில் இடுவதற்கோ ஆனதன்று. இறைவனுக்குப் படைக்கும் காணிக்கையின் மீதும், திருமணத்தில் பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் மாற்றிக்கொள்ளும் சீர்த்தட்டுகளின் மீதும் போர்த்துவதற்கென்றே அது தைக்கப்பட்டது. தட்டிலுள்ள பண்டம் அன்றே தீர்ந்துவிடும். மேலே போர்த்திய துணியோ தலைமுறைகள் கடந்தும் நிற்கும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இக்கலை செழித்தது. வெளுக்காத மெல்லிய பருத்தித் துணியில் அரண்மனை ஓவியர் கரித்துண்டினால் கோடு வரைந்து, இன்ன இடத்தில் இன்ன நிறம் என்று குறித்துக் கொடுப்பர். அரண்மனைப் பெண்டிரும் உயர்குடி மகளிரும் முறுக்கேறாத பட்டு இழையால் அதனை நிரப்பித் தைப்பர். அதே மலைநாட்டில் எளிய குடும்பத்துப் பெண்களோ ஓவியரை எதிர்பாராமல் தாமே வரைந்து, தம் மனம் விரும்பிய அடர்ந்த நிறங்களில் தைத்தனர். கண்ணபிரானின் லீலைகள், ருக்மிணி கல்யாணம், மாலையில் ஆநிரை மீளும் காட்சி, வேட்டை, சொக்கட்டான் ஆடும் தம்பதியர் என அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் பல. குருக்ஷேத்திரப் போரைச் சித்திரிக்கும் நீண்ட துணியொன்று 1883ஆம் ஆண்டில் இலண்டன் சென்று, இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இத்துணி யாருடையது என்று கேட்டால் விடை கூறுதல் அரிது. கோடு ஓவியனுடையது; இழை தைத்தவளுடையது; நிறமோ இருவர் கருத்தும் கலந்தது. ஓவியன் கோடு இழையின் அடியில் மறைந்துபோயிற்று. ஆனால் அக்கோடு இல்லையேல் இழைக்கு வழியில்லை. தன் பங்கு மறைவதற்கு அவன் உடன்பட்டான். பிறன் வரைந்த வழியில் செல்வதற்கு அவள் உடன்பட்டாள். இவ்வாறு இருவர் சற்றே விட்டுக்கொடுத்த இடத்தில்தான், இருவரில் எவரும் தனித்துச் செய்திருக்கவியலாத ஒன்று தோன்றிற்று. தோழமையின் முதல் இலக்கணம் இதுவே எனலாம்.

ஒவ்வொருவருக்கும் முழுமை

சம்பா மகளிர் மீண்டும் மீண்டும் விரும்பித் தைத்த காட்சி ராஸ மண்டலம். வட்டமாக ஒரு கோபி, ஒரு கண்ணன், மீண்டும் ஒரு கோபி, மீண்டும் ஒரு கண்ணன் என்று கைகோத்து நிற்கும் அமைப்பு அது. ஸ்ரீமத் பாகவதம் கூறும் செய்தி அன்பர்கள் அறிந்ததே. கோபியர் பலர், கண்ணன் ஒருவன். ஆயினும் அவன் தன்னைத் துண்டுதுண்டாகப் பங்கிட்டுக் கொடுக்கவில்லை. ஒவ்வொருத்திக்கும் முழுமையாகவே நின்றான். ஒருத்தி பெற்றதனால் மற்றொருத்திக்குக் குறையவில்லை.

உலகப் பொருள்களை இரு வகையாகப் பிரிக்கலாம். பங்கிட்டால் சிறுப்பவை ஒரு வகை. பொன்னும் நிலமும் நெல்லும் இவ்வகையின. பங்கிட்டாலும் ஒவ்வொருவருக்கும் முழுமையாக நிற்பவை மற்றொரு வகை. அறிவும் இசையும் கைத்திறனும் அன்பும் இவ்வகையின. முதல் வகைப் பொருளைக் காப்பதற்கு வேலி வேண்டும். இரண்டாம் வகைப் பொருளுக்கு அதே வேலியை இடுவதுதான் மனிதன் செய்யும் பிழை. ஒரு தையல் நுட்பத்தை நெல்மூட்டை போல் எண்ணிப் பூட்டி வைப்பவள், தேயாத ஒன்றைத் தேயும் என்று அஞ்சித் துன்புறுகிறாள். இன்னும் சொல்லப் புகுந்தால், கற்பிப்பவளிடம் அத்திறன் வளரவே செய்கிறது. கை தானாகச் செய்துவந்ததைப் பிறர்க்கு விளக்கும்போதுதான் அதன் காரணத்தை அவளே முதன்முறையாக அறிகிறாள். தோழி கேட்கும் ஐயம் அவளுக்கு ஆசிரியராகிறது.

துணியின் மறுபுறம்

சம்பா உருமாலின் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. அதன் தையல்முறையை 'தோ-ருகா' என்பர். இரு முகம் உடையது என்பது பொருள். பொதுவாகப் பூத்தையல் செய்த துணியைத் திருப்பிப் பார்த்தால் முடிச்சுகளும், குறுக்கே ஓடும் இழைகளும், அவிழ்த்துத் திருத்திய தடங்களும் தென்படும். முகப்பில் மயில், பின்புறம் குழப்பம். சம்பா உருமாலிலோ முன்புறம் எவ்வாறோ பின்புறமும் அவ்வாறே. முடிச்சு இடுவதில்லை, இழையின் தொடக்கமும் முடிவும் தையலுக்குள்ளேயே அடங்கிவிடும். ஊசி ஏறும்போதும் இறங்கும்போதும் இரு முகத்தையும் நினைவில் கொள்ள வேண்டியிருத்தலின், ஒரு துணி முடிய மாதக்கணக்கில் ஆகும்.

உள்ளொன்றும் புறமொன்றும் இல்லாத நட்புக்கு இதனினும் சிறந்த உவமை கிடைப்பதரிது. ஆயினும் அவ்வாறு கூறி நிறுத்திவிட்டால் அது பாதி உண்மையே ஆகும். ஏனெனில் மனிதர் பெரும்பாலோர் தோ-ருகாத் துணிகள் அல்லர். எல்லோருக்கும் மறுபுறம் உண்டு. அங்கே முடிச்சுகளும் உண்டு. அவ்வாறாயின் முடிச்சுள்ளவர்க்கு நட்பு இல்லையா?

இங்கே தையற்கலையின் நடைமுறை ஒன்று வழிகாட்டுகிறது. விருந்தினர் வந்தால் துணியின் முகப்பைக் காட்டுவர். அவர் பாராட்டிச் செல்வார். உடன் தைக்கும் தோழியோ முகப்பைப் பார்த்தவுடன் துணியைத் திருப்பிப் பார்ப்பாள். குறை காண்பதற்காக அன்று; தையல் எப்படிச் சென்றது என்பது பின்புறத்தில்தான் தெரியும். எங்கே தொடங்கினாள், எங்கே இழையைத் தாண்டவிட்டாள், எந்த இடத்தில் இடறினாள் என்பதெல்லாம் அங்கே எழுதப்பட்டிருக்கும். முகப்பைப் பார்த்து மகிழலாம். பின்புறத்தைப் பார்த்தால்தான் கற்கலாம். ஆகவே ஒருத்தி தன் கலையைக் கொடுக்க வேண்டுமாயின் தன் முடிச்சுகளையும் சேர்த்தே காட்டியாக வேண்டும். திறமையை இழப்போம் என்ற அச்சத்தின் உள்ளே ஒளிந்திருப்பது இந்த நாணமே. கொடுத்தால் குறையும் என்று அஞ்சுவதாகத் தோன்றினும், திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்பதே உண்மை அச்சம்.

குசேலர் வரலாறு இதனையே உணர்த்துகிறது. சாந்தீபனி முனிவரிடம் உடன் பயின்ற நண்பனைக் காணத் துவாரகை சென்ற அவர், கந்தைத் துணியில் முடிந்து கொண்டுசென்ற அவலை வெளியே எடுக்கக் கூசினார். மாளிகையின் செல்வமும் தம் கந்தையும் அவர் மனத்தில் எதிரெதிரே நின்றன. கண்ணனோ அவர் நாணி மறைத்ததையே நாடிப் பறித்து, முடிச்சை அவிழ்த்து உண்டான். நண்பன் காட்டத் தயங்கும் பகுதியை அருவருப்பின்றி உரிமையோடு அணுகுவதே நட்பு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? குறையற்றவர் இருவர் கூடுவது நட்பின் இலக்கணமாயின், உலகில் நட்பே இராது.

எடுத்தலும் களவும்

இனி ஒரு தடையை நேர்மையாக ஆராய வேண்டும். காட்டிக் கொடுத்த பூவேலையைத் தோழி கேளாமலே தன் துணியில் தைத்துக்கொண்டால் அது களவாகாதா?

வங்காள நாட்டில் 'காந்தா' என்னும் தையல் வழக்கு உண்டு. கந்தை என்ற தமிழ்ச் சொல்லோடு உறவுடையது இப்பெயர். உடுத்துக் கிழிந்த பழம்புடைவைகளை அடுக்கி, அப்புடைவைக் கரைகளிலிருந்தே உருவிய வண்ண நூலால் ஓட்டுத் தையலிட்டுப் போர்வையாக்குவர். நடுவே விரிந்த தாமரை, நான்கு மூலைகளிலும் மரம் அல்லது மாங்காய்க் கோலம் என்ற அமைப்பு வீட்டுக்கு வீடு காணப்படும். முதலில் அதைக் கண்டவள் யார் என்று ஒருவரும் அறியார். எல்லோரும் எடுத்துக்கொண்டனர்; ஆயினும் ஒருத்தி தைத்தது மற்றொருத்தி தைத்ததைப் போல் இராது. எடுத்த தாமரைக்கு ஒருத்தி இதழ் கூட்டினாள். மற்றொருத்தி அருகே ஒரு மீனை நீந்தவிட்டாள். கடன் வாங்கிய கோலம் கைமாறும்போதெல்லாம் வளர்ந்தது.

திருவள்ளுவர் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரங்களை அடுத்தடுத்து வகுத்தார். அவற்றுள் ஒன்றைப் பழைமைக்கே உரியதாக்கினார். நெடுநாள் பழகியவர் கேளாது உரிமையால் செய்ததையும் ஏற்றுக்கொள்ளுதல் அங்கே வற்புறுத்தப்படுகிறது. ஆகவே தோழி கேளாமல் எடுத்தது மட்டுமே களவாகிவிடாது. ஆனால் எடுத்தவள், "இது நானே கண்டது" என்று ஊரறியச் சொல்வாளாயின், அல்லது கொடுத்தவளின் பிழைப்பைக் கெடுக்கும்படி அதைச் சந்தைக்குக் கொண்டுசெல்வாளாயின், அப்பொழுது அது களவே. பொருள் அதே பூவேலைதான், வேறுபட்டது நினைவு. எடுத்ததை எடுத்ததென்று நினைவில் வைத்திருப்பது நட்பு. மறந்ததுபோல் நடிப்பது களவு. கைத்திறனுக்குக் கொடுக்கும் விலை காசன்று. யாரிடம் கற்றோம் என்பதைச் சொல்லும் நன்றியே அதன் விலை. குருபரம்பரையை முன்னே வைத்துப் பின்னே பாடத்தைத் தொடங்கும் மரபினர்க்கு இது புதிதன்று.

கையால் வாழ்பவரின் நிலை வேறு என்பதையும் மறத்தலாகாது. நாள்தோறும் தையலை நம்பி அடுப்பெரிப்பவள் தன் நுட்பத்தைக் காத்துக்கொள்வது கஞ்சத்தனமன்று. அவளிடம் இலவசமாகக் கற்றுக்கொண்டு அவளுக்கே போட்டியாக நிற்பவர்தாம் வெட்க வேண்டும். பகிர்தல் அறமாவது, பெறுபவரும் அறம் உடையவராய் இருக்கும்போதே.

சிறையில் தைத்த போர்வைகள்

ஓய்வும் உணவும் உள்ள இடத்தில் தோழமை எளிது; எல்லாம் இழந்த இடத்திலும் அது நிலைக்குமா என்பது அடுத்த கேள்வி. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். கணவன்மார் வேறிடங்களில் சிறைப்பட்டிருந்தனர். உயிரோடு உள்ளாரா என்பதையும் அறிய வழியில்லை. அப்பெண்களுள் ஒருவரான கனடா நாட்டு எத்தல் மல்வானி, எல்லோரும் சேர்ந்து ஒட்டுத்துணிப் போர்வைகள் தைத்து, காயமுற்ற வீரர்களின் மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்றார். ஆறு அங்குலச் சதுரத்துணி ஒன்று ஒவ்வொருத்திக்கும் கொடுக்கப்பட்டது. அதில் தன் பெயரையும் தனக்குத் தோன்றிய ஏதேனும் ஒரு வடிவத்தையும் அவள் தைக்கலாம். ஒரு போர்வைக்கு 66 சதுரங்களாக மூன்று போர்வைகள் உருவாயின. பெயரைக் காணும் கணவன், மனைவி உயிரோடிருக்கிறாள் என்று அறிந்துகொள்வான். அதுவே அவற்றின் மறைபொருள்.

மூன்றில் ஒன்று பிரிட்டிஷ் வீரர்க்கு, ஒன்று ஆஸ்திரேலிய வீரர்க்கு, மற்றொன்று காயமுற்ற ஜப்பானிய வீரர்க்கு. சிறையதிகாரிகளின் இசைவைப் பெறுவதற்கான உபாயமாகவும் அம்மூன்றாவது இருந்திருக்கலாம். எனினும் பகைவனின் உடலைப் போர்த்துவதற்காகக் கைகள் அதனைத் தைத்தன என்பது மாறாது. இன்று இரண்டு போர்வைகள் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும், ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் உள்ளன.

இப்போர்வைகள் தரும் பாடம் ஒன்று உண்டு. கூடிச் செய்வதால் தனித்தன்மை அழிந்துவிடும் என்று அஞ்சுவோர் அவற்றைக் காண வேண்டும். ஒருத்தியின் சதுரத்தில் மலர். மற்றொருத்தியின் சதுரத்தில் தாய்நாட்டின் சின்னம். ஒன்று மற்றொன்றின் மீது ஏறவில்லை. ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை. ஆயினும் தனிச் சதுரம் எவரையும் குளிரிலிருந்து காக்காது. இணைத்துத் தைத்த பின்னரே அது போர்வையாயிற்று. தன் சதுரத்தைத் தானே நிரப்பி, ஓரத்தை அடுத்தவளோடு சேர்த்துத் தைத்தல் என்பதே கூடிவாழ்தலின் இலக்கணம்.

மறைத்த கலையும் மறையாத கலையும்

மீண்டும் சம்பாவுக்கு வருவோமாயின், அங்கும் ஒரு சோதனை நேர்ந்தது. அரசர்களின் ஆதரவு குன்றியது; 1948ஆம் ஆண்டில் அச்சிற்றரசு இமாசலப் பிரதேசத்தோடு இணைந்தது. கோடு வரைந்து கொடுக்கும் ஓவியரும் அருகினர். இரு முகமும் ஒத்த பழந்தையலின் நுட்பம் தளர்ந்து, உருமால் கடைத்தெருவின் மலிவான நினைவுப்பொருளாகும் நிலை வந்தது. அக்கலையை மீட்டவர் அதனைப் பிறர்க்குக் காட்டத் துணிந்தவர்களே. 1990களில் தில்லி கைவினை மன்றத்தார், அருங்காட்சியகங்களில் உறங்கிய பழைய உருமால்களை ஆராய்ந்து, ஓவியரைக் கொண்டு மீண்டும் வரையச் செய்து, சம்பாப் பெண்களைக் கொண்டு தைக்கச் செய்தனர். சம்பாவிலேயே பெண்கள் பலர்க்கு இத்தையலை நெடுங்காலம் கற்பித்து வந்த லலிதா வகீல் அம்மையாருக்கு 2022ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தனக்கே என்று அவர் வைத்திருந்தால் அவரோடு முடிந்திருக்கும். கற்பித்ததனால் பல கைகளில் வாழ்கிறது.

ஆக, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை ஒருவாறு தெளிவாகிறது. கைத்திறனைக் கொடுப்பவள் இழப்பது திறனை அன்று. தானொருத்தியே வல்லவள் என்ற தனிமையைத்தான் இழக்கிறாள். அத்தனிமை இனிய செருக்கு. ஆனால் குளிர்ந்த செருக்கு. அதற்கு ஈடாக அவள் பெறுவது, தன் துணியின் மறுபுறத்தை அறிந்தும் அருகிலேயே அமர்ந்திருக்கும் ஒருத்தியை. நெஞ்சத்து முள் இதனால் முற்றும் நீங்கிவிடும் என்று கூறுவதற்கில்லை. தோழியின் துணி தன் துணியினும் அழகாக அமைந்த அன்று அது மீண்டும் உறுத்தக்கூடும். அன்றைக்கும் அவள் பக்கத்தில் அமர்ந்து, "இதை எப்படித் தைத்தாய், எனக்கும் காட்டு" என்று கேட்க வல்லவளே தோழமையில் தேறியவள். கற்பித்தவள் கற்பவளாகும் அந்நொடியில் கொடுக்கல் வாங்கல் என்ற கணக்கே முடிந்துபோகிறது.

உற்சவத்துக்கு வரும் அன்பர்கள் ஒவ்வொருவரிடமும் ஏதேனும் ஒரு கைத்திறன் உண்டு. ஒருவருக்கு மாலை கட்டத் தெரியும். ஒருவருக்குப் படிக்கோலம் இடத் தெரியும். ஒருவருக்குக் கிழிந்ததை இழை தெரியாமல் தைக்கத் தெரியும். அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்குள் அதனை ஒருவருக்கேனும், தம் பிழைகளையும் மறையாமல் காட்டி, கற்பித்தல் நன்று. தாம் யாரிடம் கற்றோம் என்பதையும் அப்பொழுதே சொல்லிவிட வேண்டும். கொடுத்துக் குறையாத செல்வத்தை இறைவன் கைகளில் வைத்திருப்பது பூட்டி வைப்பதற்காக அன்று.